ஒரு காதல் சானட்டை அலகிட்டுப் பார்ப்பது எப்படி?

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் சீக்கிரமே ஒரு சானட், அதாவது பதினான்கு அடிக் கவிதை, வந்து சேரும். கூடவே 'அயாம்பிக் பென்டாமீட்டர்' என்ற பெயரும், இயைபைக் குறிக்க அடிகளின் ஓரத்தில் 'ஏபிஏபி' என்று எழுதும் பழக்கமும் வரும். பெயரைத் தெரிந்துகொள்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். பிறகு ஒருநாள் வெண்பாவை அலகிடுவது போலவே ஒரு சானட்டையும் அடியடியாகப் பிரித்துப் பார்த்தேன். கவிஞர் எங்கே தயங்குகிறார், எங்கே குரலை அழுத்துகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஆங்கில யாப்பு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் யாப்பில் சீர், அடி, எதுகை என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்தால் போதும்.

பயிற்சிக்கு ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட்டை எடுத்துக்கொள்வோம். 1609இல் அச்சான அவருடைய 154 சானட்டுகளில் அதிகம் படிக்கப்படுபவற்றில் இது ஒன்று. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள்

மூன்று தடவையாவது சத்தமாகப் படியுங்கள். பொருள் முழுதும் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. 'உன்னை ஒரு கோடை நாளோடு ஒப்பிடட்டுமா?' என்று கவிதை தொடங்குகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் கோடை ஆண்டிலேயே இதமான, எல்லோரும் காத்திருக்கும் பருவம். 'கோடை' என்றதும் கொளுத்தும் வெயிலை நினைத்தால், முதல் அடியிலேயே கவிதை தலைகீழாகிவிடும். நம் இளவேனிலை மனத்தில் வைத்துப் படித்தால் சரியாக வரும்.

தமிழ் எழுத்தில் எழுதி எண்ணுங்கள்

ஆங்கில எழுத்துக்கூட்டல் காதை ஏமாற்றும். தமிழ் எழுத்து அப்படிச் செய்யாது. முதல் அடியை ஒலிப்படி தமிழில் எழுதுங்கள்:

ஷால் ஐ கம்பேர் தீ டு அ சம்மர்ஸ் டே

இப்போது புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ஷா, ஐ, க, பே, தீ, டு, அ, ச, ம, டே. மொத்தம் 10. ஆங்கிலக்காரர்கள் 'சிலபிள்' என்று சொல்வது இதைத்தான். ஓர் உயிர் ஒலித்தால் ஓர் அசை, அவ்வளவுதான். நம் நிரையசையைப் போல இரண்டு எழுத்து சேர்ந்து ஓரசை ஆவது இங்கே கிடையாது. ஒற்றை நீக்கி எழுத்தெண்ணும் வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. கட்டளைக் கலித்துறையில் நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கும் அடிக்கு 17 என்று ஒற்று நீக்கித்தானே எண்ணுகிறோம்? அதே கணக்குதான், எண்ணிக்கை மட்டும் 10.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. சொல்லின் கடைசியில் உகரம் சேர்த்து ஒலிப்பது நம் நாக்கின் பழக்கம். 'விண்ட்ஸ்' என்பதை 'விண்ட்ஸு' என்றும் 'ஷேக்' என்பதை 'ஷேக்கு' என்றும் எழுதினால், இல்லாத அசைகள் அடிக்குள் நுழைந்து எண்ணிக்கை 12, 13 என்று போய்விடும். எண்ணிக்கை தவறினால் முதலில் அந்த உகரங்களைத் தேடுங்கள்.

மூன்றாம் அடியை நீங்களே எண்ணிப் பாருங்கள்: ரஃப் விண்ட்ஸ் டூ ஷேக் த டார்லிங் பட்ஸ் ஆஃப் மே. 'மே மாதத்து அருமை மொட்டுகளை முரட்டுக் காற்று உலுக்கும்' என்று பொருள். ஆய்தத்தையும் விட்டுவிட்டு எண்ணினால் சரியாகப் பத்து வரும்.

இரண்டாம் அடியில்தான் இந்த எண்ணும் வேலையின் பயன் தெரியும். 'தௌ ஆர்ட் மோர் லவ்லி அண்ட் மோர் டெம்பரேட்'. இன்றைய ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லைப் பலர் 'டெம்ப்ரட்' என்று இரண்டு அசையில் முடித்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் அடியில் ஒன்பதுதான் வரும். பத்து வர வேண்டும் என்றால் 'டெம்-ப-ரேட்' என்று மூன்றாக ஒலிக்க வேண்டும். சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கணக்கே சொல்லிக்கொடுக்கிறது. அந்த 'ரேட்' நான்காம் அடியின் கடைசியில் வரும் 'டேட்' என்ற சொல்லோடு இயைவதற்கும் அப்போதுதான் வழி பிறக்கிறது.

ஆறாம் அடியின் கடைசிச் சொல்லில் உயிரெழுத்துக்குப் பதிலாக ஒரு மேற்குறி இருக்கும். 'இங்கே ஓர் அசையைச் சுருக்கிவிட்டேன், டிம்ட் என்றே படி' என்பதுதான் அதன் பொருள். அந்தக் குறி கண்ணில் பட்டால் கணக்குக்காகப் போட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அழுத்தம் எங்கே விழுகிறது?

தமிழ்க் காதுக்கு மிகவும் சிரமமான இடம் இதுதான், நிதானமாகப் போவோம். நம் யாப்பு மாத்திரையால் ஆனது. குறிலா நெடிலா, தொடர்ந்து ஒற்று வருகிறதா என்று பார்க்கிறோம். ஆங்கில யாப்பு அழுத்தத்தால் ஆனது. ஒரு சொல்லில் எந்த அசையைப் பலமாகச் சொல்கிறோம் என்பதே அங்கே கேள்வி. நெடிலைக் கண்டதும் அதுதான் அழுத்தமான அசை என்று நமக்குத் தோன்றும். 'லவ்லி', 'சம்மர்', 'ஹெவன்' மூன்றிலும் அழுத்தம் விழுவது முதல் அசையில், அதாவது ஒரு குறில் ஒலியில். நீளம் வேறு, அழுத்தம் வேறு.

முதல் அடியில் வரும் 'கம்பேர்' என்ற சொல்லைத் தமிழ் முறையில் அலகிட்டால் நேர்நேர், தேமா. ஆங்கிலத்துக்கு அது 'லேசு, பலம்'. அதே அடியின் 'அ சம்' என்ற துண்டைத் தமிழில் சேர்த்துப் படித்தால் ஒரே நிரையசை. ஆங்கிலத்துக்கு அதுவும் 'லேசு, பலம்'தான். ஆகவே நேர், நிரையை ஆங்கிலத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டாம். சீர், அடி என்ற பிரிவுகள் உதவும், வாய்பாடுகள் உதவாது.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி அகராதிதான். ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொற்களை மட்டும் தேடுங்கள். உச்சரிப்புக் குறிப்பில் எந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கிறதோ, அதில்தான் அழுத்தம். சில சொற்களில் பெயரா வினையா என்பதைப் பொறுத்து அழுத்தம் இடம் மாறும். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் விழும், வினையாக வரும்போது இரண்டாவதில் விழும்.

அகராதி தந்த அழுத்தங்களைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அப்புறம் ஓரசைச் சொற்களுக்கு வாருங்கள். பெயரும் வினையும் பெரும்பாலும் அழுத்தம் பெறும். 'த', 'அ', 'டு', 'ஆஃப்', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்கள் பெரும்பாலும் லேசாகப் போகும். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

ஐந்தாக வெட்டுங்கள்

ஷால் ஐ | கம்பேர் | தீ டு | அ சம் | மர்ஸ் டே

இரண்டிரண்டு அசையாக ஐந்து சீர். நம் கணக்கில் இது நெடிலடி. ஒவ்வொரு சீரிலும் முதல் அசை லேசு, இரண்டாவது பலம்: த-தும், த-தும், த-தும், த-தும், த-தும். ஒரு த-தும்முக்கு 'அயாம்ப்' என்று பெயர். 'பென்டா' என்றால் ஐந்து. அந்த நீளமான பெயருக்குள் இருப்பது இவ்வளவுதான்.

சீர் சொல்லின் நடுவில் வெட்டுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 'சம்மர்ஸ்' இரண்டு சீர்களில் பிரிந்து கிடக்கிறது. நாமும் வகையுளி என்று செய்வதுதான்.

இப்போது 'தீ டு' என்ற மூன்றாம் சீரைக் கேளுங்கள். அதில் 'டு' பலமான இடத்தில் நிற்கிறது. ஆனால் யாரும் அதை அழுத்திச் சொல்ல மாட்டார்கள். இரண்டு லேசான அசைகளுக்கு நடுவில் நிற்பதால் சந்தம் அதற்கு ஓர் இடம் கொடுக்கிறது, குரல் முழுப் பலத்தைக் கொடுப்பதில்லை. இப்படி ஒரு துடிப்பு மென்மையாகக் கடந்துபோவது ஆங்கிலக் கவிதையில் மிகச் சாதாரணம். ஐந்து துடிப்பையும் ஒரே கனத்தில் தட்டிப் படித்தால் கவிதை சுத்தியல் அடிபோல ஆகிவிடும்.

முதல் சீரும் சுவையானது. 'ஷால்' என்பதை அழுத்தினால் 'ஒப்பிடட்டுமா?' என்ற கேள்வி முன்னால் வருகிறது. 'ஐ' என்பதை அழுத்தினால் சந்தம் ஒழுங்காக இருக்கும், 'நான்' என்ற ஆள் முன்னால் வருகிறார். இரண்டு விதமாகவும் படிப்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் இடமும் உண்டு. எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அதுதான் பகுப்பாய்வு.

சந்தம் இடறும் இடங்கள்

பதினான்கு அடியையும் த-தும் என்று பிரித்து முடித்ததும் பலர் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எனக்கு வேலை ஆரம்பிப்பதே இங்கேதான் என்று படுகிறது. ஒழுங்காகப் போகும் சந்தம் ஒரு தரை. கவிஞர் எங்கே கால் மாற்றி வைக்கிறார் என்பது அந்தத் தரையின் மேல்தான் தெரியும்.

மூன்றாம் அடியை மறுபடி எடுங்கள். 'ரஃப் விண்ட்ஸ்' என்ற முதல் சீரில் இரண்டு அசையும் பலமாக விழுகின்றன. முரட்டுக் காற்று அடியின் வாசலிலேயே மோதுகிறது. இரண்டும் பலமான சீருக்கு 'ஸ்பாண்டி' என்று பெயர்.

ஐந்தாம் அடி 'சம்டைம் டூ ஹாட்' என்று தொடங்குகிறது. 'சம்டைம்' சொல்லில் பலம் முதல் அசையில், ஆகவே த-தும் தலைகீழாகித் தும்-த ஆகிறது. இதற்கு 'ட்ரோக்கி' என்று பெயர். அடியின் முதல் சீரில் இப்படித் திருப்பிப் போடுவது ஆங்கிலக் கவிஞர்கள் அடிக்கடி செய்வது. இனி ஏழாம் அடிக்குப் போங்கள்: அண்ட் எவ் | ரி ஃபேர் | ஃப்ரம் ஃபேர் | சம்டைம் | டிக்ளைன்ஸ். அதே 'சம்டைம்' இங்கே நான்காம் சீரில் நிற்கிறது. சந்தம் அதை இரண்டாம் அசையின் பக்கம் தள்ளுகிறது: சம்-டைம். இரண்டே அடி தள்ளி ஒரே சொல் வேறு எடையில் வருகிறது. இதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. கண்ணால் மட்டும் படித்திருந்தால் பிடிபட்டிருக்காது.

பதினோராம் அடியில் மரணம் வருகிறது: நார் ஷால் | டெத் ப்ராக் | தௌ வாண் | டர்ஸ்ட் இன் | ஹிஸ் ஷேட். கணக்குப்படி 'டெத்' நிற்பது லேசான இடம். ஆனால் மரணம் என்ற சொல்லை லேசாகச் சொல்லிக் கடந்துவிட முடியுமா? ஷால், டெத், ப்ராக் மூன்றும் அடுத்தடுத்துக் கனமாக விழுகின்றன, நாக்கு மெதுவாகிறது. 'நீ என் நிழலில் அலைகிறாய் என்று மரணம் பீற்றிக்கொள்ளாது' என்பது அடியின் பொருள். மரணம் பெருமை பேச வாயெடுக்கும் அந்த இடத்திலேயே சந்தம் நெருக்கிப் பிடிக்கிறது.

சில சானட்டுகளில் பத்துக்கு மேல் ஓர் அசை கூடுதலாக வந்து, அடி லேசான ஒலியில் முடியும். ஷேக்ஸ்பியரின் 20ஆம் சானட்டில் பதினான்கு அடியும் அப்படி முடிகின்றன. பதினொன்று எண்ணிவிட்டுத் தவறு செய்துவிட்டோமோ என்று கலங்க வேண்டாம். கடைசி அசை லேசாக இருந்தால் அது இந்த வகைதான்.

இயைபைக் குறியுங்கள்

நம் காது எதுகையைத் தேடி அடியின் தொடக்கத்துக்குப் போகும். சானட்டில் வேலை அடியின் கடைசியில், நம் இலக்கணத்தில் இயைபு என்று சொல்லும் இடத்தில். கடைசி அழுத்தமான உயிரிலிருந்து சொல் முடியும் வரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முந்திய மெய் வேறாக இருக்க வேண்டும். டே, மே. ஷைன்ஸ், டிக்ளைன்ஸ். ஃபேட், ஷேட்.

முதல் இயைபுக்குக் 'க', அடுத்த புது ஒலிக்குச் 'ச' என்று எழுத்துப் போட்டுக்கொண்டே வாருங்கள். 18ஆம் சானட்டுக்கு இப்படி வரும்:

கசகச, டதடத, பமபம, வவ

நான்கடிகளாக மூன்று கட்டு, கடைசியில் ஓர் ஈரடி. இதுதான் ஷேக்ஸ்பியர் பாணி சானட் எனப்படுவது. அமைத்தவர் ஷேக்ஸ்பியர் இல்லை, அவருக்கு முன்னால் வாழ்ந்த சரே பிரபு. சானட் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில் பிறந்தது. இத்தாலியில் பெட்ரார்க் லாரா என்ற பெண்ணை நினைத்து எழுதிய சானட்டுகளால் புகழ்பெற்றது. அவருடைய பாணியில் முதல் எட்டடி 'கசசக கசசக' என்று இரண்டே ஒலியில் நடக்கும், அதாவது ஒரே ஒலிக்கு நான்கு சொல் வேண்டும். இத்தாலிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அது எளிது. ஆங்கிலத்தில் அவ்வளவு இயைபுச் சொற்கள் கிடைப்பதில்லை. ஏழு ஒலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல் என்ற ஏற்பாடு அந்த மொழிக்குப் பொருந்திவிட்டது.

எழுத்தைப் பார்த்து இயைபு போடாதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 116ஆம் சானட்டின் அடிமுடிவுகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: லவ், ரிமூவ். கம், டூம். ப்ரூவ்ட், லவ்ட். மூன்று இணையும் இன்றைய உச்சரிப்பில் சேரவில்லை. லவ், ரிமூவ் இரண்டையும் ஆங்கில எழுத்தில் பார்த்தால் முடிவு ஒன்றுபோலவே இருக்கும், தமிழில் எழுதியதும் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பில் இவை இப்போதையதைவிட நெருங்கி ஒலித்தன என்பது உச்சரிப்பு ஆய்வாளர்களின் விளக்கம். 'பிழை' என்று எழுதிவிடாமல் 'இன்று கண்ணுக்கு மட்டும் இயையும் இயைபு' என்று குறியுங்கள். மோனையும் அங்கங்கே வரும், ஆனால் சானட்டுக்கு அது விதி இல்லை. கண்ணில் பட்டால் குறித்துக்கொண்டு நகரலாம்.

திருப்பம்

சானட்டில் ஓர் இடத்தில் பேச்சு திசை மாறும். பெட்ரார்க் பாணியில் அது பொதுவாக ஒன்பதாம் அடியில். 18ஆம் சானட்டும் அதே இடத்தில்தான் திரும்புகிறது: பட் தை இடர்னல் சம்மர் ஷால் நாட் ஃபேட். 'ஆனால் உன் முடிவில்லாக் கோடை மங்காது.' அதுவரை கோடையின் குறைகளைச் சொல்லி வந்தவர் 'ஆனால்' என்று நிற்கிறார். இயைபும் அதே அடியில் புது ஒலிக்கு மாறுகிறது. சந்தத்தைக் கேட்டால், இடறல்களுக்குப் பிறகு இந்த அடி அயாம்ப் ஒழுங்குக்குத் திரும்பி அமைதியாக நடக்கிறது. பொருள், இயைபு, சந்தம் மூன்றும் ஒரே இடத்தில் கூடும் அடியை உங்கள் கட்டுரையின் நடுவில் வையுங்கள். எல்லாச் சானட்டும் ஒன்பதில்தான் திரும்பும் என்று கொள்ள வேண்டாம். 130ஆம் சானட் பன்னிரண்டு அடி வரை காதலியின் அழகை மிகைப்படுத்த மறுத்துவிட்டுப் பதின்மூன்றில்தான் திரும்புகிறது.

ஈரடிக்கு வாருங்கள்: 'ஸோ லாங் லிவ்ஸ் திஸ், அண்ட் திஸ் கிவ்ஸ் லைஃப் டு தீ'. சொற்களை எண்ணுங்கள், பத்து. அசையும் பத்து. அதற்கு முந்திய அடியும் அப்படியே. கவிதை முழுதும் வந்த மூவசை, ஈரசைச் சொற்கள் எல்லாம் விலகி, ஓரசைச் சொற்கள் மட்டும் நிற்கின்றன. இந்தக் கவிதை வாழும்வரை நீ வாழ்வாய் என்ற உறுதியை இவ்வளவு எளிய சொற்களில் சொல்ல முடிந்ததால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

அடுத்து எதை எடுக்கலாம்?

எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1850இல் வெளியிட்ட சானட் வரிசையின் 43ஆவதை எடுங்கள். 'ஹௌ டூ ஐ லவ் தீ?' என்று தொடங்கும். இயைபு பெட்ரார்க் வழியில் கசசக கசசக டதடதடத. அதில் 'ஐ லவ் தீ' என்ற தொடர் எந்தெந்த அடிகளின் தலையில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். பன்னிரண்டாம் அடிக்கு வரும்போது அது தலையில் இருக்காது, ஒரு முற்றுப்புள்ளிக்குப் பிறகு அடியின் நடுவில் தொடங்கும். அந்த வாக்கியம் அடி முடிவில் நிற்காமல் அடுத்த அடிக்குள் வழிந்து போகும். அங்கே முதல் சீர் 'ஸ்மைல்ஸ், டியர்ஸ்', புன்னகையும் கண்ணீரும், இரண்டும் கனமான அசை. இதற்குள் ஸ்பாண்டி என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருப்பீர்கள்.